மதில்மேல் பூனையும் மாடிவீட்டுப் பூனையும்



'மதில்மேல் பூனை' என்னும் தொடரை நாம் அனைவரும் அறிவோம். எப்பக்கம் தாவும் என்று உறுதியாகச் சொல்லவியலாத நிலைக்கு அதனை உவமையாக்கி மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆயினும் பூனையின் பக்கம் நின்று பார்த்தால் அத்தொடர் வேறொன்றையும் சொல்கிறது. மதில்மேல் இருக்கும் பூனை தடுமாறிக்கொண்டிருப்பதில்லை. இருபுறமும் கண்ணுக்குத் தெரிகின்ற, நாயின் வாய்க்கும் மனிதனின் கைக்கும் எட்டாத இடத்தைத் தேடிப் பிடித்து அது அமர்ந்திருக்கிறது. உயரம் அதற்குக் காவற்கோபுரம். உயரமே அதற்குக் கோட்டையும் ஆகும்.

அந்த உயரம் நம் முன்னோர் வீடுகளில் விலையின்றிக் கிடைத்தது. இன்று சுங்கை பினாங்கின் அடுக்குமாடி வீடுகளில் அதனைக் காசு கொடுத்து வாங்கவேண்டியுள்ளது. இடையில் என்ன நேர்ந்தது என்பதையும், வாங்குவோர் எதனைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதையும் வரலாற்று வழியில் நின்று எழுதலாம் என்று எண்ணினேன். பூனைக்கும் ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று வியப்போர் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் இலக்கியம். சங்கப் பாடல்களில் 'வெருகு' என்னும் காட்டுப்பூனை பலவிடத்தும் வருகிறது. முல்லையின் அரும்புக்கு அதன் பல்லை உவமை கூறியுள்ளனர் குறுந்தொகைப் புலவர்கள். அந்திப்பொழுதில் மனைக்கோழியைத் தேடி அது வீட்டருகே வருவதும் அந்நூலிற் பேசப்படுகிறது. வெருகினைப் 'பூசை' என்று வழங்கும் மரபைத் தொல்காப்பியத்தின் மரபியல் குறிக்கிறது. பின்னாளில் கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்டுக் கரையில் நிற்கும் பூனையாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் இடத்திலும் பூசை என்ற சொல்லே ஆளப்பட்டுள்ளது. (இச்சொல்லையும், ஆங்கிலேயர் பூனையைக் கொஞ்சி அழைக்கும் 'புஸ்' என்ற சொல்லையும் இணைத்துப் பெருமை கொள்வோர் நம்மிடையே உண்டு. ஒலி ஒத்திருப்பது மட்டுமே வேர்ச்சொல் சான்று ஆகிவிடாது என்பதை மாணவர்க்கு நாம் சொல்லிவைப்பது நல்லது.)

இலக்கியத்தை விட்டுச் சிற்பத்திற்கு வந்தால் மாமல்லபுரம் நம்மை அழைக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் தவம் புரியும் பூனை ஒன்று உண்டு. அருச்சுனன் தவம் என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் இருவகையாக அறிஞர்கள் பெயரிடும் அதே பாறைதான். பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்குமேல் உயர்த்தி, விலாவெலும்பு தெரிய அது நிற்க, காலடியில் எலிகள் இருக்கின்றன. போலித்துறவியைப் பகடி செய்யும் காட்சி என்பர். எனக்கோ, அதனைச் செதுக்கிய சிற்பி பூனையை நன்றாக உற்றுநோக்கியவர் என்றே தோன்றுகிறது. மரத்தில் நகம் தீட்டுமுன் பூனை உடல் முழுவதையும் நீட்டி நிமிரும் நிலை ஏறக்குறைய அதுவே. இந்நீளத்தை நினைவில் வைத்திருங்கள். கம்பம் வாங்குமிடத்தில் மீண்டும் தேவைப்படும்.

இனி வீடு. தமிழர் வீட்டின் மேற்பகுதி வெறும் வெற்றிடமாக இருந்ததில்லை. உத்திரம், வளை, கைமரம், முகட்டுவளை என மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும். அவற்றின்மேல் பலகை பரப்பிப் பரண் அமைப்பர். பழைய பாத்திரமும் விறகும் விதைக்குதிரும் பரணுக்குப் போகும். பூனை குட்டிபோடுவதும் அங்கேதான். தினைப்புனத்தில் கிளியோட்டும் மகளிர் ஏறி நின்ற உயர்ந்த மேடைக்கும் பரண் என்றே பெயர். காவலுக்கும் ஒளிவதற்கும் ஒரே சொல் அமைந்திருப்பதைப் பாருங்கள்! பாலையும் வெண்ணெயையும் பூனைக்கு எட்டாமல் காக்க உத்திரத்திலிருந்து தொங்கவிட்ட உறியோ, பூனையின் ஏறுந்திறனை நம் பாட்டிமார் எவ்வளவு மதித்தனர் என்பதற்குச் சான்று. தரையில் மூடிவைத்தாற் போதும் என்று அவர்கள் எண்ணவில்லை.

ஆங்கிலத்தில் பூனைகள் ஏறி அமர்வதற்கான கம்பத்தட்டைப் 'பூனைமரம்' என்னும் பொருள்படக் கூறுவர். நம்மிடம் பொருத்தமான சொல் இருக்கையில் மொழிபெயர்ப்பு எதற்கு? இக்கட்டுரையில் அதனைப் பூனைப்பரண் என்றே எழுதுகிறேன்.

நிற்க. பூனை மனிதனிடம் வந்தது தானியத்தை முன்னிட்டு என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சைப்ரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகில் பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ஆம் ஆண்டில் தொல்லியலார் வெளியிட்டனர். தானியம் இருந்த இடத்தில் எலி இருந்தது. எலி இருந்த இடத்திற்குப் பூனை வந்தது. கப்பலில் ஏறியதும் இதே காரணத்தால்தான்.

பினாங்கு என்பதே ஒரு துறைமுகமும் அதனைச் சூழ்ந்த கிடங்குகளும் அல்லவா? 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இங்குக் கும்பினிக் கொடியை நாட்டிய காலந்தொட்டே தமிழகத்துக் கடற்கரையிலிருந்து வணிகரும் தொழிலாளரும் வந்து குவிந்தனர். சூலியா சாலையும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அவ்வரவின் நிலைத்த சின்னங்கள். அரிசி, பருப்பு, மிளகு, பாக்கு என்று மூட்டைகள் அடுக்கப்பட்ட சரக்கறையை ஆங்கிலத்தில் 'கொடௌன்' என்கிறார்கள், மலாயில் 'குடாங்'. இவ்விரண்டிற்கும் மூலம் தமிழின் 'கிடங்கு', தெலுங்கின் 'கிட்டங்கி' ஆகிய தென்னிந்தியச் சொற்களே என்று அகராதியாளர் கருதுகின்றனர். இது வெறும் ஒலியொப்புமை அன்று. வணிகம் சென்ற வழியும் பொருளும் ஒன்றாக இருக்கின்றன. செட்டியார்கள் தம் தொழிலகத்தைக் கிட்டங்கி என்றே வழங்கினர். சொல் சென்ற இடமெல்லாம் மூட்டையும், மூட்டையின் பின்னே எலியும், அதன் பின்னே பூனையும் சென்றன.

இவ்வட்டாரப் பூனைகளுக்கு ஓர் அடையாளமும் உண்டு. நம் தெருக்களில் திரியும் பூனைகளிற் பலவற்றிற்கு வால் பாதியளவே இருக்கும். அல்லது நுனியில் முடிச்சிட்டாற்போல் வளைந்திருக்கும். யாரோ கதவிடுக்கில் நசுக்கிவிட்டார்கள் என்று மாணவர்கள் இரங்குவதுண்டு. அது பிறவி அமைப்பு. மலாயத் தீவுக்கூட்டம், சயாம், பெகு, பர்மா ஆகிய பரந்த நிலப்பகுதியின் பூனைகள் குறுவாலும் முடிச்சும் உடையன என்று சார்லசு டார்வின் 1868-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். வால் குறைந்தாலும் ஏறுவதில் இவை எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

கிடங்குப் பூனைக்கு மருத்துவ மதிப்பும் ஒருகாலத்தில் ஏற்பட்டது. 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பரவிய கொள்ளைநோய் துறைமுகங்களையெல்லாம் நடுங்கவைத்தது. எலியும் அதன் தெள்ளுப்பூச்சியும் நோயைக் கொண்டுசெல்வது தெளிவானபின், இந்திய மருத்துவப் பணியிலிருந்த புக்கானன் என்பார் அமராவதி மாவட்டத்துச் சிற்றூர்களில் பூனைகளைக் கணக்கெடுத்தார். பூனை மிகுந்த ஊர்களில் நோய் குறைந்திருந்தது என்று 1908-ஆம் ஆண்டையொட்டி மருத்துவ இதழ்களில் வாதிட்டார். பூனையும் அந்நோயைப் பெறக்கூடும் என்பது இன்றைய அறிவு. ஆகவே அவர் முடிவை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும் பூனை என்பது கிடங்கிலும் கூரையிலும் வேலை செய்யும் உயிர் என்ற எண்ணமே அக்காலத்தில் மேலோங்கியிருந்தது என்பதற்கு இது சான்றாகும். வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்ப்பதைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை.

இப்போது ஜார்ஜ்டவுனின் கடைவீட்டிற்குள் நுழைவோம். முகப்பு ஒடுங்கி, உள்ளே நீண்டு செல்லும் கட்டடம் அது. முன்னே அஞ்சடி, நடுவில் வெளிச்சத்திற்கும் காற்றிற்கும் திறந்த முற்றம், மேலே மரத்தளம், அதற்கும் மேலே உத்திரங்களும் சுட்ட ஓடும். வரிசையில் உள்ள வீடுகளுக்குப் பொதுச்சுவரும், ஏறக்குறைய ஒட்டிச்செல்லும் கூரையும் இருப்பதால், ஒரு வீட்டு முற்றத்தின் வழியே ஏறிய பூனை தெருக்கோடி வரை கூரைமேலேயே சென்று திரும்பலாம். எழுதுமேசை, அரிசி மூட்டை, மாடிப்படி, சன்னல் விளிம்பு, உத்திரம், ஓடு என்று தரையிலிருந்து வானம் வரை படிகள் இருந்தன. எவரும் அதற்காகத் திட்டமிடவில்லை. மரத்தாற் கட்டினார்கள், மரம் இருந்த இடத்தில் பூனைக்கு வழி பிறந்தது.

கம்பத்து வீடுகளும் இவ்வாறே. கால்நாட்டி உயர்த்திய பலகைவீட்டின் கீழே நிழல், மேலே அத்தாப்புக் கூரையின் இடுக்கு, சுற்றிலும் தென்னையும் மாவும். சுங்கை பினாங் என்ற பெயரே பாக்குமர ஆறு என்று பொருள்படும். (தீவின் மேற்கே பாலிக் புலாவ் பக்கத்திலும் இதே பெயருடைய ஊர் ஒன்று உண்டு. நான் எழுதுவது ஜார்ஜ்டவுனைச் சேர்ந்த, ஜெலுத்தோங்கை அடுத்த பகுதியைப் பற்றி.) ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்திலிருந்தும் அருவிப் பக்கத்திலிருந்தும் வரும் ஆறுகள் கூடித் தீவின் கிழக்குக் கரையில் கடலிற் கலக்கும் இவ்வாற்றின் இருமருங்கும், இன்று பாக்குமரங்களைவிட உயர்ந்து நிற்பவை அடுக்குமாடிகளே.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. பினாங்கில் அடுக்குமாடி வாழ்வின் பெருந்தொடக்கம் என்று 1960-களின் இறுதியில் ஆயர் ஈத்தாம் பக்கத்தில் எழுந்த ரைபிள் ரேஞ்சு குடியிருப்பைச் சொல்லவேண்டும். ஆலையில் முன்கூட்டியே வார்க்கப்பட்ட கற்காரைப் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்தி, 17 மாடிகளும் 18 மாடிகளும் கொண்ட ஒன்பது தொகுதிகளில் 3,699 வீடுகள் கட்டப்பட்டன. மக்களுக்குக் கூரை கிடைத்தது. அது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வீட்டில் உத்திரம் இல்லை, பரண் இல்லை, முற்றம் இல்லை. சுவரும் தளமும் வழுவழுப்பான கற்காரை. பூனையின் நகத்திற்கு அங்கே பிடி ஏது?

இரண்டாம் அலை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நீக்கத்தோடு வந்தது. 1948-ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயராமற் காத்துவந்த அச்சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அதன் காப்பு முழுமையாக முடிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பல நகரின் நடுவை விட்டுப் புறத்தே பெயர்ந்தன. 2008-ஆம் ஆண்டு சூலையில் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நகரமாயிற்று. 2013-இல் நகர விழாவையொட்டி '101 தொலைந்த பூனைக்குட்டிகள்' என்ற பெயரில், தெருவிலங்குகளின்பால் இரக்கம் வேண்டிச் சுவரோவியங்கள் தீட்டப்பட்டன. சுற்றுலாப் பயணிகள் அவற்றின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். கூரைமேல் நடந்த பூனை சுவரில் ஓவியமாயிற்று. அதனை வளர்த்த குடும்பம் அடுக்குமாடிக்குப் போயிற்று என்று சொன்னால் சற்று மிகையாயினும் பொய்யாகாது.

பூனையை முழுநேரமும் வீட்டினுள் வைத்திருக்கலாம் என்ற எண்ணம் மேல்நாட்டிலேயே மிகப் பழையதன்று. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து எட்வர்ட் லோ என்பவர், சாம்பலும் மணலும் இட்ட பெட்டிக்கு மாற்றாக ஈரமுறிஞ்சும் களிமண் துகளை விற்கத் தொடங்கினார். அற்பப்பொருள் போலத் தோன்றும் அதுவே பூனையைத் தோட்டத்திலிருந்து வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது எனலாம். உள்ளே வந்த பூனை நாற்காலியைக் கீறியது, திரைச்சீலையில் ஏறியது. அதன்பின்னரே, 1960-களின் இறுதியையொட்டி, கம்பமும் தட்டும் கூடிய பூனைப்பரண் கடைச்சரக்காகத் தோன்றிப் பரவியது. 2013-இல் பூனை மருத்துவர்களின் இரு பன்னாட்டு அமைப்புகள் கூடி வெளியிட்ட வழிகாட்டி நூலோ, உயர்ந்த பாதுகாப்பான இடத்தை ஆடம்பரமாக அன்றி வீட்டுப்பூனையின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறது.

நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரின் கதை வேறுவிதம். அங்கே வீடமைப்புக் கழக வீடுகளில் பூனை வளர்ப்பது 1989 முதல் தடைசெய்யப்பட்டிருந்தது. 2024 செப்டம்பர் முதல் நாள்தான், உரிமம் பெற்று ஒரு வீட்டில் இரு பூனைகள் வரை வளர்க்கலாம் என்று விதி மாறியது. மலேசியாவில் அத்தகைய முழுத்தடை இல்லை. 2015-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிருவாக விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணை, அண்டையர்க்குத் தொல்லையோ தீங்கோ தரும் விலங்கை வைத்திருத்தலைத்தான் தடுக்கிறது. அதே 2015-இல் இயற்றப்பட்டு 2017-இல் நடப்புக்கு வந்த விலங்குநலச் சட்டம் வளர்ப்பவரின் கடமையையும் வற்புறுத்துகிறது.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள். என்னை எழுதத் தூண்டியது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் 'என் செல்லப்பிராணி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதினான். எட்டாம் மாடியில் குடியிருக்கும் குடும்பம். மகன் கேட்டான் என்று தந்தையார் மலிவுவிலையில் ஆளுயரப் பூனைப்பரண் ஒன்றை வாங்கிவந்தார். முதல் நாள் பூனை தாவி ஏறியது. பரண் ஆடிச் சாய்ந்தது. அதன்பின் அப்பூனை அதன் பக்கமே போகவில்லை. அதற்கு வேண்டிய உயரத்தைச் சமையலறைச் சன்னலின் விளிம்பில் தேடிக்கொண்டது. ஒரு மழைநாள் இரவில் அங்கிருந்து விழுந்துவிட்டது. "அது பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தது, ஆசிரியரே" என்று கட்டுரையின் இறுதியில் எழுதியிருந்தான். பிழைதிருத்தும் சிவப்பு மையை அக்கட்டுரையில் நான் இடவில்லை.

பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. 1987-இல் நியூயார்க்கின் விலங்கு மருத்துவர் இருவர், மாடிகளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி எழுதினர். சிகிச்சை பெற்றவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன. இவ்வொரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு பலரும் மகிழ்வர். ஆனால் அவற்றிற் பெரும்பாலானவற்றிற்கு நெஞ்சுக்கூட்டில் காயம். தாடை பிளந்தவையும் கால் ஒடிந்தவையும் பல. மேலும், விழுந்த இடத்திலேயே இறந்தவற்றை மருத்துவமனைக்கு எவர் தூக்கிச்செல்வார்? அவை அக்கணக்கிற்குள் வரவேயில்லை. ஆகவே முதலில் சன்னலுக்கு உறுதியான கம்பிவலை, அதன்பின்னரே பரண். ஆயினும் வலை மட்டும் இட்டு உயரத்தைத் தராமல் விட்டால், வலையின்மேலேயே பூனை ஏறும்.

அப்படியாயின் உறுதியான பரண் எது?

கடையில் முதலிற் பார்க்கவேண்டியது மேற்தட்டின் பஞ்சுமெத்தையை அன்று, அடிப்பலகையை. நான்கைந்து கிலோ எடையுள்ள பூனை ஓடிவந்து தாவும்போது பரண்மீது விழும் விசை அதன் எடையைவிடப் பலமடங்காகும்; அது மேலிருந்து கீழாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் தள்ளும். உயரம் கூடக்கூட அத்தள்ளலின் நெம்புவிசை கூடும் என்பது நம் அறிவியல் பாடத்திலேயே உள்ளது. எனவே உயர்ந்த பரணுக்கு அகன்ற, கனமான அடி வேண்டும். உச்சித்தட்டு அடிப்பலகையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் அதனைத் தவிர்த்துவிடலாம். உச்சியில் கைவைத்துப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அடி தரையைவிட்டு எழுந்தால் அது பூனைக்கு உதவாது. ஒருமுறை ஆடிய இடத்தைப் பூனை எளிதில் மறப்பதில்லை.

அடுத்து, கம்பம். மலிவான பரண்களில் கம்பம் என்பது தடித்த காகிதக் குழல். தட்டுகள் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. குளிர்நாட்டு வீட்டில் அவை சில ஆண்டுகள் நிற்கலாம். பினாங்கின் காற்றில் ஈரம் ஆண்டு முழுவதும் உண்டு. மரத்தூள் பலகை ஈரம் குடித்து உப்பும். திருகாணி பிடித்திருந்த துளை நொய்ந்து அகலும். பின்னர் எவ்வளவு முறுக்கினாலும் இறுகாது. திருகாணி நேரே மரத்தூள் பலகையில் ஏறுகிறதா, உலோக மறையில் ஏறுகிறதா என்று கேட்டறிவது நன்று. இரும்பில் இரும்பு ஏறுவதே நிலைக்கும்.

முழுமரக் கம்பமாயின் நம் நாட்டிற் பெரும்பாலும் கிடைப்பது பால்மரம். இங்கே சற்று நின்று செல்லவேண்டும். செபராங் பிறையில், நிபோங் தெபால், பத்து காவான் வட்டாரங்களில் முதலில் கரும்புத் தோட்டங்களுக்கும், இருபதாம் நூற்றாண்டில் பால்மரத் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். பால் வற்றிய மரத்தை, ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில், வெட்டிச் சாய்த்து விறகாக எரித்துவந்தனர். பாற்கட்டித் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்திலும் அதே மரந்தான் எரிந்தது. அறுத்தவுடன் பூஞ்சையும் வண்டும் பற்றும் இயல்புடையதால் அது தட்டுமுட்டுப் பொருளுக்கு ஆகாது என்றே கருதப்பட்டது. போரான் உப்புக்கரைசல் ஊட்டிச் சூளையில் உலர்த்தும் முறை கைவந்தபின், 1980-கள் தொடங்கி மலேசியாவின் தட்டுமுட்டுத் தொழிலுக்கே அது முதன்மை மரமாயிற்று. பாட்டன் காலையிருட்டில் பால்வெட்டிய மரம் பேரன் வீட்டில் பூனை ஏறும் கம்பமாக நிற்கிறது! முறையாக உலர்த்திய பால்மரம் கனமும் உறுதியும் உடையது. விலையும் கைக்கு எட்டும். ஓரத்தில் கருநீலக் கறையோ ஊசித்துளையோ தென்பட்டால் மட்டும் வாங்கவேண்டா.

கம்பத்தைச் சுற்றிய கயிறு எதுவென்றும் பாருங்கள். சிசல் எனப்படும் கற்றாழையின நார்க்கயிறு நகத்திற்கு நன்கு பிடிகொடுக்கும், எளிதில் பிசிராகாது. நம் தேங்காய்நார்க் கயிறும் பயன்படும். ஆனால் விரைவில் உதிர்ந்து வீடெங்கும் தூசாகும். எதுவாயினும் இடைவெளியின்றி இறுக்கிச் சுற்றி, இரு முனைகளும் பசையாலும் ஆணியாலும் பிணிக்கப்பட்டிருக்கவேண்டும். இடையே தட்டு குறுக்கிடாத கம்பத்தின் நீளம் மாமல்லபுரத்துப் பூனை முழுதும் நிமிர்ந்து நிற்கும் அளவு இருக்கட்டும். ஏறக்குறைய 90 செண்டிமீட்டர் என்று கொள்ளலாம். பூனை தன் முழு உடலையும் தொங்கவிட்டு இழுக்கும் இடம் அது. அங்கே கம்பம் அசைந்தால் மறுநாள் உங்கள் மெத்தை நாற்காலிதான் கம்பமாகும்.

தட்டு, பூனை உடலைச் சுருட்டிப் படுக்கும் அளவு அகன்றிருக்கவேண்டும். 40 செண்டிமீட்டருக்குக் குறைந்தால் கால் தொங்கும். முதிர்ந்த பூனைக்குத் தட்டுகளிடையே சிறுசிறு படியாக இடைவெளி அமையவேண்டும். இரண்டு பூனைகள் உள்ள வீட்டில், ஒன்று மறித்து அமர்ந்தால் மற்றொன்று இறங்குவதற்கு வேறு வழி இருக்கட்டும்.

ஆளுயரத்தைத் தாண்டிய பரணைச் சுவரோடு பிணிப்பதே முறை. கற்காரைச் சுவரில் அதற்குரிய துளைக்கருவியும் விரியும் ஆணியும் வேண்டும். அறைகளைப் பிரிக்கும் மெல்லிய பலகைச்சுவர் பாரம் தாங்காது. வாடகை வீட்டில் துளையிட இசைவு இல்லையெனில், தளத்திற்கும் மேற்கூரைக்கும் இடையே அழுத்தி நிறுத்தும் கம்பம் கிடைக்கிறது. அதற்கும் மேலே இருப்பது உண்மையான கற்காரைதானா, அழகுக்காகத் தொங்கவிட்ட சுண்ணப்பலகையா என்று தட்டிப்பார்த்து அறியவேண்டும். கீழ்வீட்டார் உறக்கமும் நினைவிலிருக்கட்டும். நள்ளிரவில் பூனை உச்சியிலிருந்து குதிக்கும் ஓசை கற்காரையில் நன்றாகவே இறங்கும்; பரணின் கீழும் அது குதிக்கும் இடத்திலும் தடித்த ரப்பர் விரிப்பு இட்டால் முன்சொன்ன விதிமுறையைப் பற்றிய கடிதம் உங்கள் கதவிடுக்கில் வராது.

வைக்கும் இடத்தில் பலரும் தவறுவர். திறக்கக்கூடிய சன்னலையொட்டி வைத்தால் பரணே சன்னலுக்கு ஏணியாகிவிடும். வலையிட்ட சன்னலாயின் நன்று. இல்லையேல், வாயிலும் கூடமும் தெரியும் ஒரு மூலையே போதும். இருபுறமும் சுவர் தாங்கும். பூனைக்கும் முதுகுப்புறம் காவலாகும்.

தரைவீட்டில் இருப்போருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சுங்கை பினாங் ஆற்றுப்படுகையில் வெள்ளம் புதிதன்று. 2017 நவம்பர் 4, 5 நாள்களில் பெய்த பேய்மழையில் பினாங்கு முழுவதும் நீரில் தத்தளித்ததை நாம் கண்டோம். பெட்டியும் அரிசிப்பையும் மேசைமேல் ஏற்றப்பட்ட அந்த இரவைப் போன்ற ஓர் இரவில், சுவரோடு பிணித்த உயர்ந்த தட்டு ஒன்று இருந்தால் பூனை தானே அங்குப் போய்விடும். பிணிக்காத மரத்தூள் பரணோ நீரில் மிதக்கத் தொடங்கும்.

இன்னொன்று. புதுப்பரண் வந்த அன்றே பூனை ஏறிவிடும் என்று எதிர்பார்க்கவேண்டா. பிடித்துத் தூக்கி உச்சியில் வைக்கவும் வேண்டா. அது படுத்துப் பழகிய பழந்துணி ஒன்றை நடுத்தட்டில் விரித்துவிட்டு, உங்கள் வேலையைப் பார்த்திருங்கள். சிலநாள் அடியில் சுற்றி மோந்து பார்க்கும். ஒருநாள் முன்னங்கால்களைக் கம்பத்தில் ஊன்றி இழுத்துப் பார்க்கும். கம்பம் அசையவில்லையென்றால், நீங்கள் பார்க்காத வேளையில் மேலே இருக்கும்.